கலைந்த ஆட்டமும் எஞ்சிய எழுத்தும்

1838-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், திங்கட்கிழமை. பாரிஸ் நகரத்து ‘லா பிரெஸ்’ நாளிதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. அவருக்கு இருபத்தேழு வயது நிறையப் பத்து நாட்கள் இருந்தன. கட்டுரையின் பொருள், தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்திருந்த ஒரு சிறு ஆடற்குழு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசியர் ஐவரும் பக்க இசைக்காரர் மூவரும் கொண்ட குழு அது. தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் பேசி அவர்களை அழைத்துச் சென்றிருந்தார்.

அன்று அவர்கள் ஆடிய ஆட்டம் அன்றே கலைந்துவிட்டது. அந்நாளில் அதைப் பிடித்துவைக்கும் கருவி எதுவும் இல்லை. நமக்கு எஞ்சியிருப்பவை அக்கட்டுரையும், அதைப்போன்ற இன்னும் சில பத்திரிகைக் குறிப்புகளும், சில படங்களும், ழான் ஒகுஸ்த் பார் வடித்த ஒரு சிறு வெண்கலச் சிலையுமே. ஓர் ஆட்டத்துக்கும் நமக்கும் நடுவே நிற்பது ஒரு விமரிசகனின் கண். அந்தக் கண் கண்டதை நாமும் காண்கிறோம். அது காணத் தவறியது நமக்கு என்றைக்குமாக இல்லை. பாலேயைப் பற்றியும் அதன் பின்வந்த புதுநடனத்தைப் பற்றியும் செய்தியும் மதிப்புரையும் எழுதும் மரபு எவ்வாறு உருவாயிற்று, அது எதைக் காத்தது, எதைக் கைவிட்டது என்பதை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

*

முதலில் அந்தப் பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எமில் த ஜிரார்தென் என்பவர் 1836-இல் ‘லா பிரெஸ்’ இதழைத் தொடங்கினார். அக்காலப் பாரிஸ் நாளிதழ்களின் ஆண்டுச் சந்தா எண்பது பிராங்க். அவர் அதைப் பாதியாக, நாற்பது பிராங்காகக் குறைத்தார். குறைந்த பணத்தை விளம்பரத்தால் ஈடுசெய்தார். விளம்பரம் வர வேண்டுமென்றால் வாசகர் பெருக வேண்டும். வாசகர் பெருக வேண்டுமென்றால் அரசியல் மட்டும் போதாது. ஆகவே பக்கத்தின் அடிப்பகுதியில் ஒரு கோடிட்டு, அதன்கீழ்க் கதைக்கும் கலைக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் அதனை ‘ஃபெய்யத்தோன்’ என்றனர். பால்சாக்கின் தொடர்கதை அங்கேதான் வந்தது. கோத்தியேயின் நாடக, நடன மதிப்புரைகளும் அங்கேதான் வந்தன. நடன விமரிசனத்தை வளர்த்ததில் கலையார்வத்துக்கு உள்ள பங்கு சந்தாக் கணக்குக்கும் உண்டு.

அந்தக் கோட்டின் கீழே எழுதியவர் எல்லாரும் நேர்மையாளர் என்று கொள்ள வேண்டியதில்லை. நாடகச் செய்தி இதழொன்றை நடத்திவந்த ஷார்ல் மோரிஸ், பணம் தரும் கலைஞரைப் புகழ்வதும் தராதவரைத் தாக்குவதுமாகப் பெயரெடுத்தவர். பாரிஸ் ஓபரா அரங்கிலோ கைதட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அதன் தலைவர் ஒகுஸ்த் எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்பதை முன்கூட்டியே திட்டமிடுவார். அச்சிலும் அரங்கிலும் புகழ் விலைக்குக் கிடைத்த நகரம் அது. அந்நகரில் கோத்தியே தம் கண்ணை நம்பி எழுதினார் என்பதே அவருடைய முதற்சிறப்பு.

ஓவியனாக வேண்டுமென்று இளமையில் பயின்றவர் அவர். அந்தப் பயிற்சி அவர் நடனத்தைப் பார்த்த முறையில் தெரிகிறது. மரீ தாலியோனி 1832-இல் ‘லா சில்ஃபீட்’ என்னும் பாலேயில் கால் நுனியில் நின்று, நிலம் தொடாத தேவதையாகத் தோன்றிப் பாரிஸைத் தன்வயப்படுத்தியிருந்தார். 1834-இல் வியன்னாவைச் சேர்ந்த ஃபானி எல்ஸ்லர் ஓபராவில் சேர்ந்தார். இவருடைய ஆட்டத்தில் மண்ணின் சூடும் உடலின் களிப்பும் இருந்தன. கோத்தியே முன்னவரைக் கிறித்தவ ஆடல்மகள் என்றும், பின்னவரை அதற்கு முற்பட்ட தொல்சமயத்து ஆடல்மகள் என்றும் பிரித்தார். இரண்டு சொற்களில் இரண்டு ஆட்ட முறைகளையும் வகுத்துவிட்ட அந்தப் பாகுபாடு, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பாலே வரலாற்று நூல்களில் எடுத்தாளப்பட்டு வருகிறது. தாலியோனியை நாம் கண்டதில்லை. ஆயினும் அவரைப் பற்றி நமக்கு ஒரு மனச்சித்திரம் இருக்கிறதென்றால், அதில் பாதி கோத்தியே வரைந்தது.

*

இனி 1838-க்குத் திரும்புவோம். அந்தக் குழுவினரின் பெயர்களைப் பிரெஞ்சு இதழ்கள் திலே, அமனி, சவுந்திரூன், ராம்கூன், வெய்தூன் என்று அச்சிட்டன. நம் காதுக்கு அவை தில்லை, அம்மணி, சௌந்தரம், ரங்கம், வேதம் என்று ஒலிக்கின்றன. இது ஊகமேயாயினும் தமிழ் அறிந்தவர் எவரும் செய்யக்கூடிய ஊகம். திலே மூத்தவர், அமனிக்குப் பதினெட்டு வயதென்று எழுதினார்கள், வெய்தூன் ஆறு வயதுச் சிறுமி. இசைக்காரர் மூவருள் ஒருவர் பெயர் தேவநாயகம். திருவந்திபுரத்துத் தேவநாதப் பெருமாளை நினைத்தால் அப்பெயரின் மூலம் விளங்கிவிடும்.

பாரிஸ் மக்களுக்குத் தேவதாசி புதியவள் அல்லள். அதுதான் சிக்கல். 1830-இலேயே ஓபெரின் இசையில் ‘கடவுளும் தேவதாசியும்’ என்னும் ஓபரா-பாலே அரங்கேறியிருந்தது. அதில் தேவதாசியாக ஆடியவர் தாலியோனி. வெண்மெல்லாடை, நுனிக்கால் நடை, காற்றில் மிதக்கும் உடல் ஆகியவையே பாரிஸ் கற்பித்துக்கொண்ட தேவதாசியின் இலக்கணம். எட்டாண்டுகள் கழித்து உண்மையான தேவதாசியர் வந்து நின்றபோது, கற்பனையைக் கொண்டு உண்மையை அளக்கும் விந்தை நடந்தது. இவர்கள் நுனிக்காலில் நிற்கவில்லை. முழுப் பாதத்தால் தரையை அறைந்தார்கள். துள்ளிப் பறக்கவில்லை, கண்ணும் கழுத்தும் விரலும் பேசின.

சாம்ஸ் எலிசேப் பகுதியில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே சென்று, பொதுமேடைக்கு வருமுன் ஆட்டத்தைக் கண்டவர் கோத்தியே. அவர் எழுதியதில் வியப்பும் அன்பும் இருக்கின்றன. அணிகலன் ஒவ்வொன்றையும், கூந்தலின் முடிப்பையும், தோலின் நிறத்தையும், பாதத்தின் அமைப்பையும் ஓவியனின் கவனத்தோடு குறித்திருக்கிறார். அமனியின் அழகை எத்தனை சொல்லியும் அவருக்கு அடங்கவில்லை. சுழன்றாடிக்கொண்டே மெல்லிய துணியை முடிந்து மடித்து, புறாக்கள் அமர்ந்த மரமாக ஆக்கிக் காட்டும் ஓர் ஆட்டம் அவர்களிடம் இருந்தது; பாரிஸ் அதைக் கண்டு மயங்கியது. ‘வாரியெத்தே’ அரங்கில் ஆடிய பின், அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் ‘அடெல்ஃபி’ அரங்கிலும் ஆடினார்கள்.

ஆனால் தமிழ் படித்த நமக்கு அக்கட்டுரை தரும் நிறைவைவிட ஏக்கமே மிகுதி. சதிர் என்பது பாட்டுக்கு உடல் கூறும் உரை. பாட்டின் சொல் எது, அதற்கு எந்தக் கை பிடிக்கப்பட்டது, ஒரே அடியை எத்தனை விதமாக விரித்தார்கள் என்பதுதான் அதன் உயிர்நிலை. தமிழறியாத கோத்தியேவுக்குப் பாட்டின் சொல்லும் பொருளும் பிறர் சொல்லித்தான் தெரிய வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினார். கண்ணை அபிநயம் என்னும் மொழியாகப் படிக்க இயலாமல் அழகாக மட்டுமே படித்தார். இது அவர்மேல் குற்றமன்று. அயல்மொழிக் கவிதையை ஒலி இனிமைக்காக மட்டும் கேட்பவனின் நிலை. ஆயினும் இழப்பு இழப்புதான். ஆடல் ஆசிரியர்களின் வழியே கைமாறி வந்த ஒரு பாடாந்தரத்தை, தஞ்சை நால்வர் வாழ்ந்த அதே காலத்தில், ஐரோப்பாவின் தலைசிறந்த நடன விமரிசகர் மிக அருகில் அமர்ந்து பார்த்தார். நமக்குக் கிடைத்திருப்பதோ மூக்குத்தியின் வருணனை.

*

மூன்றாண்டுகள் கழித்துக் கோத்தியே பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குப் பின்புறம் சென்றார். ஹைன்ரிஹ் ஹைன எழுதிய நூலொன்றில், மணநாளுக்கு முன்பே இறந்துபோன கன்னியர் இரவில் எழுந்து ஆடும் நாட்டுப்புறக் கதையைப் படித்து, அதைப் பாலேக்கு உரிய கதையாக்கினார். சேன் ஜோர்ஜ் என்னும் நாடகாசிரியர் துணைநிற்க, அடோல்ஃப் ஆதாம் இசையமைக்க, ‘ஜிசேல்’ 1841 ஜூன் 28-இல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. தலைவியாக ஆடியவர் கார்லோத்தா கிரிசி. கோத்தியேயின் நெஞ்சில் வாழ்நாள் முழுதும் இருந்தவர். சில நாட்களில் ‘லா பிரெஸ்’ இதழில் ‘ஜிசேல்’ பற்றிய மதிப்புரை வந்தது. எழுதியவர் அதே கோத்தியே! ஹைனவுக்கு எழுதிய கடிதமாக அதை அமைத்து, கதையை அழகுற எடுத்துரைத்து, கார்லோத்தாவைப் புகழ்ந்து முடித்தார்.

இன்றைய பத்திரிகை அறத்தின்படி இது செய்யத்தகாதது. தாமே எழுதிய கதைக்குத் தாமே மதிப்புரை. அதுவும் தாம் விரும்பிய பெண் ஆடியதற்கு. ஆயினும் ‘ஜிசேல்’ உருவான விதம் குறித்து அக்கடிதம் தரும் சான்றை வேறெதுவும் தருவதில்லை. ஷார்ல் மோரிஸின் பணத்தாசையும் கோத்தியேயின் காதலும் ஒன்றல்ல என்றாலும், இரண்டும் பார்வையைச் சாய்ப்பவையே. விமரிசகன் விலகி நிற்க வேண்டுமா, கலந்து நிற்க வேண்டுமா என்னும் வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை.

எழுத்து ஆட்டத்தையே மாற்றவும் வல்லது என்பதற்கும் அந்தக் காலம் சான்று தருகிறது. ‘ஜுர்னால் தெ தெபா’ இதழில் எழுதிவந்த ழூல் ஜானேன், 1840-இல் ஆண்கள் பாலே ஆடுவதையே ஏளனம் செய்தார். கோத்தியேயும், ழூல் பெர்ரோ போன்ற ஓரிருவரை விலக்கிவிட்டு, ஏறக்குறைய அதே கருத்தினர். பார்வையாளரின் விருப்பமும் அரங்க வணிகமும் இதற்கு ஒத்துழைத்தன. விளைவு, 1870-இல் ‘கொப்பேலியா’ அரங்கேறியபோது அதன் காதலன் வேடத்தை ஆண் உடையில் ஆடியவர் எழெனி ஃபியோக்கர் என்னும் பெண். பாரிஸில் ஆண் நடனம் தேய்ந்தது. பெர்ரோ முதலியோர் உருவாக்கிய மரபு ருஷ்யாவுக்குச் சென்று பிழைத்தது. ‘ஜிசேல்’ பாரிஸ் ஓபராவில் 1868-க்குப்பின் ஆடப்படவேயில்லை. பீட்டர்ஸ்பர்கில் மரியுஸ் பெத்திபா அதைப் போற்றி வைத்திருந்தார். தியாகிலெவின் ருஷ்யக் குழு 1910-இல் கொண்டுவந்து காட்டிய பிறகே பாரிஸ் தன் பிள்ளையை மீண்டும் கண்டது.

அமனியின் நினைவும் ஒருவகையில் ருஷ்யாவுக்குத்தான் போயிற்று எனலாம். கோத்தியே 1858-இல் காளிதாசனின் சாகுந்தலத்தைப் பாலேக் கதையாக்கினார். அதற்கு ஆட்டம் அமைத்தவர் லூசியேன் பெத்திபா. அவருடைய தம்பி மரியுஸ் பெத்திபா 1877-இல் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேற்றிய ‘லா பயதேர்’ இன்றும் உலகப் பாலே மேடைகளில் ஆடப்படுகிறது. ‘பயதேர்’ என்றால் தேவதாசி. கதைத்தலைவி நிக்கியா கோயில் ஆடல்மகள். திருவந்திபுரத்து ஆட்டத்தின் ஓர் அடவுகூட அதில் இல்லை. வெண்ணுடை நிழல்கள் வரிசை வரிசையாக இறங்கிவரும் அதன் புகழ்பெற்ற காட்சியில் இருப்பது தாலியோனியின் வழித்தோன்றல்தான். கற்பனைத் தேவதாசி வென்றாள். உண்மைத் தேவதாசி ஒரு வெண்கலச் சிலையானாள்.

*

விமரிசனம் ஓர் ஆட்டத்தை மீட்டெடுத்த கதையும் உண்டு. 1913 மே 29-இல் பாரிஸின் ‘சாம்ஸ் எலிசே’ அரங்கில் நிஜின்ஸ்கி அமைத்த ‘வசந்தத்தின் சடங்கு’ அரங்கேறியது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையும், உள்நோக்கித் திரும்பிய பாதங்களோடு தரையை மிதித்த ஆட்டமும் அரங்கில் பெருங்கூச்சலை எழுப்பின. நாளிதழ்களில் பலவும் எள்ளி நகையாடின. அவ்வாண்டு நவம்பரில் ழாக் ரிவியேர் நிதானமாக ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். இந்த ஆட்டம் எதையும் மறைப்பதில்லை, அழகுபடுத்துவதில்லை, உடலின் அசைவை அதன் மூலத்திலிருந்து சொல்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்த ஆட்டம் பாரிஸிலும் இலண்டனிலுமாகப் பத்துக்கும் குறைவான முறைகளே ஆடப்பட்டு, பின் மறைந்தது.

எழுபது ஆண்டுகளுக்குப்பின் மிலிசென்ட் ஹாட்சன் என்னும் ஆய்வாளர் அதனைத் தேடிப் புறப்பட்டார். ஒத்திகையில் உடனிருந்த மரீ ராம்பேரின் இசைக்குறிப்பு, வாலந்தீன் குரோஸ் வரைந்த கோட்டோவியங்கள், அன்றைய மதிப்புரைகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, கென்னத் ஆர்ச்சரின் துணையோடு, 1987-இல் ஜாஃப்ரி பாலே குழுவுக்காக அதை மீட்டமைத்தார். இதில் கருதத்தக்கது ஒன்று. புகழ்ந்த மதிப்புரைகள் மட்டும் அவருக்குப் பயன்படவில்லை, இகழ்ந்தவையும் பயன்பட்டன. “முழங்கால் மடங்கியிருந்தது, தலை ஒருபுறம் சாய்ந்திருந்தது, கேவலம்” என்று ஒருவர் எழுதியிருந்தால், ‘கேவலம்’ என்பதைத் தள்ளிவிட்டு முழங்காலையும் தலையையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? தீர்ப்பு பழசாகிவிடுகிறது, வருணனை நிலைக்கிறது. நடனத்தைப் பற்றி எழுதும் எவரும் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

அந்தப் பாடத்தை நன்கு அறிந்தவர் அமெரிக்கரான எட்வின் டென்பி. நியூயார்க் நாளிதழ்களில் நெடுங்காலம் இசை விமரிசகர்களே நடனத்தையும் சேர்த்து எழுதிவந்தனர். 1927-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஜான் மார்ட்டினை நடனத்துக்கென்றே அமர்த்தியது. காலணியின்றி, கதையின்றி, உடலின் சுருக்கத்தையும் விரிவையும் மட்டும் கொண்டு மார்த்தா கிரஹாம் ஆடியதைக் கண்டு திகைத்த பொதுமக்களுக்கு, இப்படிப் பாருங்கள் என்று கற்பித்தவர் மார்ட்டின். டென்பியோ கவிஞர், தாமே நடனம் பயின்று ஐரோப்பிய மேடைகளில் ஆடியவர். 1942 முதல் 1945 வரை ‘ஹெரால்ட் டிரிபியூன்’ நாளிதழில் எழுதினார். பாலன்சீனின் ஆட்டத்தில் எடை எந்தக் காலில் விழுகிறது, இருவருக்கு இடையிலுள்ள வெற்றிடம் எப்போது இறுகி எப்போது தளர்கிறது என்று அவர் சொல்வதைப் படிக்கையில், ஆட்டத்தைக் காணாத நமக்கும் அது புலனாகிறது. நல்ல உரையாசிரியர் செய்யும் வேலைதான் இது. மூலத்தை மறைக்காமல் அதனருகே விளக்கொன்றை வைப்பது.

*

விளக்கு சுடுவதும் உண்டு. 1994 இறுதியில் ‘நியூயார்க்கர்’ இதழின் நடன விமரிசகர் ஆர்லீன் குரோச்சி, பில் டி. ஜோன்ஸ் அமைத்த ‘ஸ்டில்/ஹியர்’ என்னும் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உயிர்கொல்லும் நோயோடு வாழ்வோரின் சொற்களும் முகங்களும் இடம்பெற்ற படைப்பு அது. துன்பத்தைக் காட்டி இரக்கம் கோரும் கலையை மதிப்பிட இயலாது, ஆகவே அதைப் பார்க்கவே போகவில்லை என்று அறிவித்துவிட்டு அதைப் பற்றி எழுதினார் அவர். பெரும் விவாதம் மூண்டது. அவருடைய கேள்வியில் பொருளில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் விமரிசகனிடம் உள்ள ஒரே முதல் கண். கண்ணை மூடிக்கொண்டு எழுதியதை எந்த ஹாட்சனும் எந்த நாளிலும் பயன்படுத்த முடியாது.

2010-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ விமரிசகர் அலஸ்டேர் மெக்காலே, ‘நட்கிராக்கர்’ பாலேயில் ஆடிய ஜெனிஃபர் ரிங்கரின் உடல் பருமனைக் கேலிசெய்து ஒரு வரி எழுதினார். உணவுக் கோளாறால் முன்னர்ப் பெரிதும் துன்புற்றதை வெளிப்படையாகப் பேசியவர் ரிங்கர். வாசகர்கள் கொதித்தெழுந்தனர். உடலே கருவியான கலையில் உடலைப் பேசாமல் எப்படி எழுதுவது என்று விமரிசகர் வாதிட்டார். 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹனோவர் நகர ஓபரா அரங்கில், பாலே இயக்குநர் மார்கோ கோயக்கே, தம்மைக் கடுமையாக விமரிசித்த நாளிதழ் எழுத்தாளர் வீப்க ஹ்யூஸ்டரின் முகத்தில் நாய்மலத்தைப் பூசினார். அதனால் பதவியை இழந்தார். எழுத்து எவ்வளவு வலிக்கும் என்பதற்கும், வலி எவ்வளவு கீழ்மைக்கு இட்டுச்செல்லும் என்பதற்கும் இவை அண்மைக்காலச் சான்றுகள்.

ஒளிப்பதிவு வந்துவிட்ட பிறகு இனி எழுத்து எதற்கு என்று கேட்கலாம். ஒளிப்பதிவு அசைவைத் தருகிறது. அன்று அரங்கில் இருந்த ஒருவனுக்கு அது என்ன செய்தது என்பதைத் தருவதில்லை. கோத்தியேயின் சாய்வும், ரிவியேரின் நிதானமும், டென்பியின் கூர்மையும் படக்கருவியால் தர இயலாதவை. எனவே நடனச் செய்தியைத் தொடர்ந்து படிக்க விரும்புவோர் ஒரே விமரிசகரை நம்பியிருக்கலாகாது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே இரவின் ஆட்டத்துக்கு இரண்டு மதிப்புரைகளைப் படிக்க வேண்டும். தீர்ப்பில் இருவரும் மாறுபடும் இடத்தை விட்டுவிட்டு, வருணனையில் ஒத்துப்போகும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். யார் ஆடினார், யாருக்குப் பதிலாக ஆடினார், எந்த நாளில் என்னும் சிறு செய்திகளைப் புறக்கணிக்கவும் கூடாது. நூறாண்டு கழித்து வரலாறு எழுதுவோருக்கு அவையே அடித்தளம்.

மீண்டும் அந்த ஆகஸ்ட் திங்கட்கிழமையை எண்ணிப் பார்க்கிறோம். கோத்தியேவுக்குப் பக்கத்தில் தமிழ் அறிந்த ஒருவர் இருந்து, அவரும் தம் பங்குக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், இரண்டையும் சேர்த்து வைத்து அமனி அன்று என்ன ஆடினாள் என்று நாம் கண்டிருக்கலாம். அந்த இரண்டாம் பக்கம் இல்லை. ஆகவே அமனியின் கண் அழகாயிருந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கண் என்ன சொல்லிற்று என்பது தெரியாது.